இரண்டாவது கேள்வி: போராடப் போகிறவருக்குத் தகவல் எதற்கு?

இருபத்து மூன்று வயதில் கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையத்துக்கு முன்னால் ஒரு பதாகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 'பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்கு' என்று மூன்று மொழிகளிலும் எழுதியிருந்தோம். மாலை ஐந்து மணி. அலுவலகம் விட்டவர்கள் ரயிலுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு கையில் பாண் பையும் மறு கையில் குடையுமாக வந்த அம்மா ஒருவர் நின்று, பதாகையை நிதானமாக வாசித்தார். பிறகு சிங்களத்தில் கேட்டார்: "ஏன் மகன், இந்தச் சட்டத்தில் என்ன பிழை?"

அநியாயமாகப் பிடித்து அடைத்துவைக்கிறார்கள் என்றேன்.

"களவெடுத்தாலும் பொலிஸ் பிடித்து அடைக்கத்தானே செய்யும்? அந்தச் சட்டத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?"

கேலியும் இல்லை, பகையும் இல்லை. அறிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. "நிறைய இருக்கிறது அம்மா" என்று இழுத்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு ரயிலைப் பிடிக்கப் போய்விட்டார். பதாகை அதற்குப் பிறகும் ஒரு மணித்தியாலம் என் கையில் இருந்தது. ஆனால் எனக்கு அது பதாகையாகவே தெரியவில்லை, வெறும் கடதாசி மட்டையாகத்தான் தெரிந்தது.

அன்றிரவு வீட்டுக்குப் போய்த்தான் அந்தச் சட்டத்தை முதன்முதலாகத் திறந்தேன். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம். தற்காலிக ஏற்பாடுகள் என்ற பெயரோடு வந்து, 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. சாதாரணச் சட்டத்தில் பொலிஸ்காரர் ஒருவரிடம் கொடுக்கும் குற்ற ஒப்புதலை நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்க முடியாது. இந்தச் சட்டத்தின் கீழ் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திலோ அதற்கு மேலோ உள்ள ஒருவரிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாகும். அடித்து வாங்கினார்கள் என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பு கைதியின் தலையில். அமைச்சரின் கையொப்பம் ஒன்றே போதும், ஒருவரை மூன்று மூன்று மாதமாக நீட்டித் தடுத்துவைக்கலாம். அப்போது உச்ச வரம்பு 18 மாதம். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 12 மாதமாகக் குறைத்தது.

அந்த அம்மாவுக்குத் தேவைப்பட்டது இவ்வளவுதான். ரயில் வருவதற்குள் சொல்லி முடித்திருக்கலாம்.

போராட்டத்தில் நிற்பவரிடம் உலகம் கேட்கும் முதல் கேள்வி, 'உங்களுக்கு என்ன வேண்டும்?' அதற்குப் பதில் சொல்லக் கோஷம் போதும். கோஷம் குறுகியதாகவும் சத்தமாகவும் இருக்க வேண்டும், அதில் தவறே இல்லை. சிக்கல் இரண்டாவது கேள்வியில் தொடங்குகிறது. அது பல வடிவில் வரும்: எந்தப் பிரிவு? எவ்வளவு? யார் தர வேண்டும்? எந்தத் திகதிக்குள்? மறுதரப்பு சொல்கிற கணக்கு ஏன் பிழை? தகவலோடு அரசியல் செய்வது என்றால் அந்த இரண்டாவது கேள்விக்கு ஆயத்தமாக இருப்பது. கலைக்களஞ்சியம் போல எல்லாவற்றையும் அறிந்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

செய்தி நிறைய வாசிப்பதும் தகவலறிந்திருப்பதும் ஒன்றல்ல. காலையில் இரண்டு பத்திரிகை, நாள் முழுக்க முகநூல், இரவில் தொலைக்காட்சி விவாதம் என்று வாழ்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. எந்த அமைச்சர் யாரைத் திட்டினார் என்பது விரல் நுனியில் இருக்கும். அந்த அமைச்சின் கீழ் எந்தத் திணைக்களம் வருகிறது என்று கேட்டால் முழிப்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன் என்பதால் உரிமையோடு சொல்கிறேன்.

ஓர் எடுத்துக்காட்டை ஆற அமரப் பார்ப்போம். 2018 ஒக்டோபர் 24, போயா விடுமுறை. காலிமுகத்திடலில் கறுப்பு உடையோடு ஆயிரக்கணக்கான இளைஞர்கள் திரண்டார்கள். பெரும்பாலோர் மலையகத்திலிருந்து வந்து கொழும்பில் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்கிறவர்கள். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெற்றோருக்கு நாட்சம்பளம் 1,000 ரூபாய் வேண்டும் என்பது கோரிக்கை. பெரிய கட்சி எதுவும் அழைக்காமல், சமூக ஊடகங்கள் வழியாகக் கூடிய கூட்டம். கொழும்பு அதற்கு முன் அவர்களை அப்படிப் பார்த்ததில்லை. புடைவைக் கடையில் துணி எடுத்துப் போடும் தம்பியாக, சாப்பாட்டுக் கடையில் மேசை துடைக்கும் பையனாக மட்டுமே பார்த்திருந்தது.

முதல் கேள்விக்குப் பதில் தெளிவாக இருந்தது: ஆயிரம் ரூபாய். இனி இரண்டாவது கேள்வி. எந்த ஆயிரம்?

அப்போது நடைமுறையில் இருந்த கூட்டு ஒப்பந்தப்படி ஒரு நாளுக்கு 730 ரூபாய் என்று சொல்லப்பட்டது. அதைப் பிரித்துப் பார்த்தால் அடிப்படைச் சம்பளம் 500. குறிப்பிட்ட அளவு நாட்கள் வேலைக்கு வந்தால் வருகைக் கொடுப்பனவு 60. அன்றைக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தைப் பறித்துவிட்டால் உற்பத்திக் கொடுப்பனவு 140. தேயிலை விலைக்காக 30. நான்கும் சேர்ந்தால்தான் 730. மழையாலோ சுகமில்லாததாலோ வரவு குறைந்தால் 60 போய்விடும். கொழுந்து குறைந்தால் 140 போய்விடும். தோட்டத்தில் 'அரைப் பேர்' என்று ஒரு சொல் உண்டு. நிறை காணாத நாளில் அரை நாள் சம்பளம் மட்டும் எழுதுவது. அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு 730 என்பது ஒரு முழு எண் அல்ல என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. கொழும்பில் அவர்களோடு சேர்ந்து நிற்கப் போன என் போன்றவர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது.

2019 ஜனவரியில் புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. அடிப்படைச் சம்பளம் 700 ரூபாய். அடிப்படையில் 40 வீத உயர்வு! பொய் சொன்னார்கள் என்று சொல்ல முடியாது. 500இல் 40 வீதம் 200தான். ஆனால் வருகைக் கொடுப்பனவும் உற்பத்திக் கொடுப்பனவும் நீக்கப்பட்டன. விலைக் கொடுப்பனவு 50 ஆனது. மொத்தம் 750. எல்லாக் கொடுப்பனவும் ஒழுங்காகப் பெற்று வந்த தொழிலாளிக்குக் கூடியது நாளுக்கு 20 ரூபாய்.

இங்கேயே நின்று கோபப்பட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். இன்னும் ஒரு படி இறங்கினால்தான் கணக்கு முழுதாகத் தெரியும். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் பங்கு 8 வீதம். அது அடிப்படைச் சம்பளத்தின் மீது பிடிக்கப்படுகிறது. 500க்கு 40 ரூபாய், 700க்கு 56 ரூபாய். 730இல் 40 போனால் 690. 750இல் 56 போனால் 694. கையில் கூடி வருவது 4 ரூபாய். சேமலாப நிதியும் ஊழியர் நம்பிக்கை நிதியும் சேர்த்து முதலாளி தரப்பு கட்டும் 15 வீதம் 75இலிருந்து 105 ஆகிறது. அது தொழிலாளியின் கணக்கில் சேர்கிற பணம்தான், மறுக்கக் கூடாது. தோட்டக் கம்பனிகள் அந்தக் காலத்தில் '855 ரூபாய்' என்று ஓர் எண்ணைச் சொல்லி வந்தன. 750உடன் 105ஐக் கூட்டினால் கிடைக்கும் எண் அதுதான்.

அப்படியானால் கம்பனிகள் சொன்ன 40 வீதம், தொழிலாளர் சொன்ன 20 ரூபாய், கையில் வரும் 4 ரூபாய் மூன்றும் ஒரே ஒப்பந்தத்தைப் பற்றிய உண்மைகள். எது மேசைக்கு வருகிறதோ அது விவாதத்தை நடத்துகிறது. '40 வீதம் கூட்டிக் கொடுத்தும் திருப்தியில்லையா?' என்று கொழும்பில் ஒருவர் கேட்கும்போது, இந்தக் கணக்கு தெரிந்தவர் ஒரு பேனாவும் பஸ் டிக்கெட்டின் பின்பக்கமும் இருந்தால் பதில் சொல்லிவிடுவார். தெரியாதவர் குரலை உயர்த்துவார்.

நமக்குப் பிடிக்காத ஒரு வரியும் அதே கணக்கில் இருக்கிறது. வரவும் குறைந்து, கொழுந்தும் குறைந்த தொழிலாளிக்குப் பழைய ஒப்பந்தத்தில் கிடைத்தது 530 ரூபாய். புதியதில் அவருக்கும் 750 என்று எழுதப்பட்டது. கொடுப்பனவுகளை அடிப்படையில் கரைத்ததால் நலிந்தவருக்கு ஒரு நன்மை உண்டு என்று மறுதரப்பு வாதிடலாம், அந்த வாதத்தில் எடை இருக்கிறது. இதை நம் கூட்டத்தில் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்கும். 'நீ எந்தப் பக்கம்?' என்பார்கள். எதிர்த்தரப்பின் மிகச் சிறந்த வாதத்தை நம் வாயால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், அதுவும் அவர்களுக்கு முன்னால். இல்லாவிட்டால் அதைத் தொலைக்காட்சி நேரலையில் முதன்முதலாகக் கேட்க நேரும். எனக்குக் கோட்டையில் நடந்தது அதுதான், கேமரா இல்லாதது என் அதிர்ஷ்டம்.

அந்த ஆயிரம் ரூபாய் எப்படி வந்தது என்பதும் ஒரு பாடம். கூட்டு ஒப்பந்தம் என்பது தொழிற்சங்கங்களும் முதலாளிமார் சம்மேளனமும் பேசி முடிக்கும் வழி. அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு கதவு இருந்தது: சம்பள நிர்ணய சபை. அது ஒரு தொகையைத் தீர்மானித்து, அரசாங்கத்தின் அறிவித்தல் இதழான வர்த்தமானியில் வந்துவிட்டால் அது சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம். 2021 மார்ச்சில் ஆயிரம் ரூபாய் அந்தக் கதவு வழியாகத்தான் வந்தது. 900 சம்பளம், 100 கொடுப்பனவு. அதற்குப் பிறகு பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கொழுந்தின் நிறை கூட்டப்பட்டதாகத் தொழிலாளர்கள் முறையிட்டார்கள். எண்ணை வென்றவுடன் அதன் நிபந்தனை மாறியது. இரண்டாவது கேள்விக்குப் பின்னால் மூன்றாவதும் வரிசையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் கேட்பது என்ற விடயத்துக்கு வருகிறேன். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியது. 30 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த மக்கள் அதற்கு முன் பல வருடங்களாகத் தெருவில் இறங்கிக் கத்தியிருந்தார்கள். குப்பை கொழும்பு நகரத்துடையது. மேடு இருந்தது கொலன்னாவையில். ஒரு சபையின் கழிவு இன்னொரு சபையின் எல்லைக்குள் மலையாகிறது, இடையில் மாகாண சபை, மத்திய அரசின் அமைச்சுகள், நகர அபிவிருத்தி என்று ஏகப்பட்ட கைகள். இப்படிப் பொறுப்பு சிதறிக் கிடக்கும் இடத்தில், 'அரசாங்கமே பதில் சொல்' என்ற கோஷத்துக்கு ஒவ்வொரு கையும் மற்றக் கையைக் காட்டும். மக்களுக்குத் தெரியாமல் போனதால்தான் மேடு சரிந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது, செவிசாய்க்க வேண்டியவர்கள் செவிசாய்க்கவில்லை. எந்தச் சபை, எந்த ஒப்பந்தம், எந்தக் கையொப்பம் என்று பெயர் சொல்லிப் பிடித்தால் நழுவுவது கொஞ்சம் கடினமாகும். அவ்வளவே.

இடமும் இதில் சேர்த்தி. 1956 ஜூன் 5 அன்று தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகத் தமிழரசுக் கட்சியினர் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள், அடிவாங்கினார்கள். கடற்காற்றுக்காக அந்த இடத்தைத் தெரிவு செய்யவில்லை. அன்று பாராளுமன்றம் அங்கே இருந்தது, சட்டமூலம் அன்றுதான் எடுக்கப்பட்டது. 1982இல் பாராளுமன்றம் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேக்குப் போய்விட்டது. பழைய கட்டடத்தில் இப்போது இருப்பது ஜனாதிபதி செயலகம். 2022இல் ஜனாதிபதி பதவி விலக வேண்டும் என்று அதே திடலில் மூன்று மாதங்களுக்கு மேல் கூடாரம் போட்டவர்கள் ஜனாதிபதியின் வாசலில்தான் போட்டார்கள். அந்தக் கூடாரங்களுக்கு நடுவே ஒரு நூலகம் இருந்ததும், சட்ட உதவிக்கென்று ஒரு மூலை இருந்ததும் எனக்கு இன்றும் பிடித்த காட்சிகள்.

அடுத்தது காலம். புதிதாக வருகிறவர்கள் பலருக்கும் தெரியாத ஒரு விதி நம் அரசியலமைப்பில் இருக்கிறது. 80ஆம் உறுப்புரையின் 3ஆம் பந்தி. ஒரு சட்டமூலம் பாராளுமன்றத்தில் நிறைவேறி, சபாநாயகர் சான்றுரைத்துவிட்டால், அந்தச் சட்டம் செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் கேள்வி எழுப்ப முடியாது. இந்தியாவில் நிறைவேறிய சட்டத்தையும் நீதிமன்றம் இரத்துச் செய்யலாம். அந்தச் செய்திகளைப் பார்த்துப் பழகிய நாம் இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். இங்கே நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றத்துக்குப் போவதென்றால் சட்டமூலமாக இருக்கும்போதே போக வேண்டும். பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் சேர்க்கப்பட்ட பிறகு கிடைப்பது சில நாட்கள். மாதங்கள் அல்ல. அந்த நாட்களில் யாரோ ஒருவர் வர்த்தமானியை எடுத்து, முழுவதையும் வாசித்து, பிழையைக் கண்டு, சட்டத்தரணியைப் பிடித்து, மனுவை எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். சட்டமான பிறகு தெருவில் நின்று கத்தலாம். நீதிமன்றக் கதவு மூடியிருக்கும்.

இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இதற்கு நல்ல உதாரணம். 2023 செப்டம்பரில் சட்டமூலம் வர்த்தமானியில் வந்தது, ஒக்டோபர் 3 அன்று சபைக்கு வந்தது. 40க்கும் மேற்பட்ட மனுக்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போயின. பல வாசகங்களைத் திருத்தாமல் சாதாரணப் பெரும்பான்மையால் நிறைவேற்ற முடியாது என்று நீதிமன்றம் தீர்மானித்தது. 2024 ஜனவரி 24 அன்று திருத்தங்களோடு நிறைவேறியது. அதன் பிறகு, நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் எல்லாம் உள்ளே வரவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அந்தக் குற்றச்சாட்டை எழுப்பச் சிலர் சட்டமூலம், நீதிமன்றத் தீர்மானம், நிறைவேறிய சட்டம் என்ற மூன்று ஆவணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து, வரி வரியாக ஒப்பிட்டிருக்க வேண்டும். யாரும் புகைப்படம் எடுக்காத வேலை. அதையும் போராட்டக் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

வரியைப் பற்றி ஒரு பந்தி. 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமானது. வெள்ளவத்தையில் என் வீட்டுப் பக்கத்துக் கடைக்காரர் உட்பட எல்லோருக்கும் சந்தோஷம். அந்தப் பணத்துக்குப் பதில் அரசுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற இரண்டாவது கேள்வியை அன்று கேட்டவர்கள் கொஞ்சப் பேர். 2022 ஏப்ரல் 12 அன்று நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்தியது. வரிக்குறைப்பு மட்டும் காரணமல்ல, பல காரணங்களில் ஒன்று. இன்று அதே வரி 18 வீதம். சந்தோஷமான செய்திக்கும் இரண்டாவது கேள்வி உண்டு என்பதற்காகச் சொன்னேன்.

இனி வதந்தி. கொழும்புத் தமிழருக்கு இது ஏட்டுப் படிப்பல்ல. 1983 ஜூலை 29, வெள்ளிக்கிழமை. தமிழருக்கு எதிரான நான்கு நாள் வன்முறை சற்றே ஓய்ந்ததாக நினைத்து ஆட்கள் வேலைக்குத் திரும்பிய நேரம். புலிகள் கொழும்புக்குள் வந்துவிட்டார்கள் என்று ஒரு கதை கிளம்பியது. கோட்டையிலும் புறக்கோட்டையிலும் ஜனங்கள் தலைதெறிக்க ஓடினார்கள். பிறகு அந்தப் பயமே கொலைவெறியாகத் திரும்பியது. அன்று கொல்லப்பட்டவர்களுக்கும் அந்தக் கதைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அப்போது கைபேசி இல்லை, வாய்தான். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையின் உணவில் மலட்டு மாத்திரை கலந்திருப்பதாக ஒரு வதந்தி பரவி, கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பரிசோதித்தபோது அது மாவுக் கட்டி.

இந்த இரண்டு கதைகளையும் சொல்லிவிட்டு, 'அவர்கள் அப்படித்தான்' என்று முடித்துவிடுவது நமக்கு வசதி. நம் வாட்ஸ்அப் குழுக்களில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். திகதி இல்லாத காணொளி, வேறு நாட்டுப் படம், 'நம்பகமான இடத்திலிருந்து வந்தது' என்று தொடங்கும் குரல்பதிவு. நம் பக்கத்துக்குச் சாதகமான பொய்யைத்தான் நாம் சோதிக்காமல் விடுகிறோம். போராடுகிறவருக்கு அதில் இரட்டை நட்டம். ஒரு பொய்யான படம் பிடிபட்டால், அதன் பக்கத்தில் வைத்த பத்து உண்மையான படங்களையும் சேர்த்துக் குப்பையில் போட மறுதரப்புக்குக் காரணம் கிடைத்துவிடும். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களைப் பாருங்கள். பிள்ளையை எந்தத் திகதியில், எந்த இடத்தில், யாரிடம் ஒப்படைத்தார்கள், எந்த ஆணைக்குழுவில் எப்போது சாட்சி சொன்னார்கள் என்று அந்தத் தாய்மார் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பொலித்தீன் பைக்குள் புகைப்படம், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, கடிதங்கள். நான் கண்ட செயற்பாட்டாளர்களில் தகவலை அவர்களைப் போலச் சேமித்து வைத்தவர்கள் இல்லை.

எங்கிருந்து தொடங்குவது? புத்தகப் பட்டியல் தர மாட்டேன். கையில் ஒரு கருவி இருக்கிறது, அதைப் பயன்படுத்திப் பழகுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. இலங்கைக் குடிமகன் எவரும், அரச அலுவலகம் ஒன்றிடம் இருக்கும் தகவலை எழுதிக் கேட்கலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, அவர்கள் அதைக் கேட்கவும் கூடாது. ஒவ்வோர் அலுவலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். விண்ணப்பம் கிடைத்ததற்கு அவர் எழுத்தில் ஒப்புகை தர வேண்டும். தருவோமா மாட்டோமா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால், அல்லது மௌனமாக இருந்தால், அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டுக்கென்று நியமிக்கப்பட்டவரிடம் போகலாம். அங்கேயும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது. தேசப் பாதுகாப்பு, தனிமனித அந்தரங்கம் போன்ற விலக்குகள் உண்டு. பொதுநலன் அதைவிடப் பெரிதென்றால் விலக்கப்பட்ட தகவலையும் தரலாம் என்று அதே சட்டம் சொல்கிறது.

கேட்பதிலும் ஒரு கைப்பழக்கம் வேண்டும். 'எங்கள் பகுதியை ஏன் புறக்கணிக்கிறீர்கள்?' என்று எழுதினால் அது தகவல் கோரிக்கை அல்ல, மனக்குறை. அலுவலகத்தில் இருக்கும் கடதாசி எது என்று யோசித்து அதைக் கேட்க வேண்டும்: ஒதுக்கீட்டுப் பத்திரம், ஒப்பந்தம், கூட்ட அறிக்கை, செலவுச் சீட்டு. ஒரு கடிதத்தில் மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம். பத்துக் கேள்வி கேட்டால் எளிதான இரண்டுக்குப் பதில் தந்துவிட்டுக் கோப்பை மூடுவார்கள்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. தகவல் சேர்ப்பது சிலருக்குத் தெருவுக்கு இறங்காமல் இருக்க நல்ல சாட்டாகிவிடும். 'இன்னும் முழுவதும் வாசிக்கவில்லை', 'இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்' என்று சொல்லிக்கொண்டே வருடங்களைக் கடத்தியவர்களை அறிவேன். தெரிந்தது போதுமா என்று எடைபோட என்னிடம் ஒரு பரீட்சை இருக்கிறது: பாண் வாங்கிக்கொண்டு ரயிலுக்குப் போகிற ஒருவருக்கு இரண்டு நிமிடத்தில் விளக்க முடிகிறதா? முடிந்தால் போகலாம்.

கடைசியாக நாங்கள் எழுதிய கடிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் ஒழுங்கையில் மழை பெய்தால் வடிகான் நிரம்பி வீட்டு வாசலுக்கு வரும். அயலில் ஏழு வீட்டார் கூடி முறைப்பாடு எழுதலாம் என்றார்கள். தகவல் கோரிக்கை எழுதலாம் என்றேன். மூன்று கேள்வி: கடந்த இரண்டு வருடங்களில் இந்த வடிகானைத் துப்புரவாக்கிய திகதிகள் எவை, அதற்குச் செலவான தொகை எவ்வளவு, வேலை முடிந்ததென்று ஒப்பமிட்டவர் என்ன பதவியில் இருப்பவர். மாடி வீட்டுச் சேவியர் அங்கிள் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு வந்து, பற்றுச்சீட்டைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டி வைத்தார்.

பதின்மூன்றாவது வேலை நாளில் பதில் வந்தது. எட்டுத் திகதிகள், எட்டுத் தொகைகள். அதில் ஒரு திகதியில் ஒழுங்கையே வெள்ளத்தில் நின்றது, அன்று எடுத்த படம் மூன்று வீடுகளில் இருக்கிறது. ஆனால் கடிதம் முழுக்கச் சிங்களத்தில் இருந்தது. நாங்கள் எழுதியது தமிழில். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, அரச அலுவலரோடு தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உரிமை தருகிறது. அங்கிள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "முதலில் வெள்ளத்தைப் பற்றிக் கேட்போமா, மொழியைப் பற்றிக் கேட்போமா?" என்றார். இரண்டையும் இரண்டு கடிதமாக எழுதினோம். இப்போது குளிர்சாதனப் பெட்டியில் இன்னும் இரண்டு பற்றுச்சீட்டுகள் ஒட்டியிருக்கின்றன.